மெர்ரி கிளேட்டன்: ராக் பாட்டுக்குள் ஒரு சபைக் குரல் – கேட்டவர்கள் வாருங்கள்

பழைய_தட்டு
நேற்று ராத்திரி தூக்கம் வரவில்லை. ரோலிங் ஸ்டோன்ஸ் என்ற இங்கிலாந்து ராக் குழுவின் ‘கிம்மி ஷெல்டர்’ பாட்டை ஹெட்போன் மாட்டி நாலைந்து தடவை கேட்டேன். 1969-இல் வந்தது. அந்தப் பாட்டை இன்றும் உயிரோடு வைத்திருப்பது குழுவின் பாடகர் மிக் ஜாகர் இல்லை, நடுவில் வரும் அந்தப் பெண் குரல்தான் என்று சொன்னால் இங்கே சிலர் சண்டைக்கு வருவீர்கள். வாருங்கள், அதற்காகத்தான் இந்த இழை.

கதை பலருக்குத் தெரிந்திருக்கும், தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். லாஸ் ஏஞ்சலஸ், நடுராத்திரி. மெர்ரி கிளேட்டன் படுத்துவிட்டார். வயது இருபது, வயிற்றில் குழந்தை. ஜாக் நிட்ஸ்சே என்ற இசையமைப்பாளரிடமிருந்து போன்: இங்கிலாந்துப் பையன்கள் சிலர் ஊருக்கு வந்திருக்கிறார்கள், ஒரு பெண் குரல் அவசரமாக வேண்டும். மெர்ரிக்குப் போக மனமில்லை. கணவர் கர்ட்டிஸ் ஏமி சாக்ஸபோன் கலைஞர், அவர்தான் போய்ப் பாடிவிட்டு வா என்றார். தலையில் கர்லர், உடம்பில் இரவு உடை, மேலே ஒரு கோட். அப்படியே ஸ்டூடியோவுக்குப் போனார். காகிதத்தில் இருந்த வரியில் பலாத்காரம், கொலை என்றெல்லாம் எழுதியிருக்கிறது. இது என்ன பாட்டு என்று கேட்டுவிட்டுப் பாடினார். இன்னொரு தடவை என்றார்கள். பாடினார். கடைசியாக ஒரு ஸ்தாயி மேலே ஏறிப் பாடியபோதுதான் ‘கொலை’ என்ற சொல்லில் குரல் கிழிந்தது. மூன்று நிமிடம் தாண்டியதும் கவனித்துக் கேளுங்கள். கிழியும் இடத்தில் ஜாகர் தன்னை மறந்து கத்துவதும் பதிவாகியிருக்கிறது.

இதை எல்லோரும் ராக் உலகத்துச் சாகசமாகவே சொல்கிறார்கள். எனக்கு அது ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் கேட்கிற சத்தமாகப் படுகிறது. ஏன் என்று முழுதாகச் சொல்லத் தெரியவில்லை. கொயரில், அதாவது சபைப் பாடகர் குழுவில், அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

காலி_கேசட்
அண்ணே, தூக்கம் வராதவன் கேட்கிற பாட்டா அது? அதைக் கேட்டால் பக்கத்து வீட்டுக்காரனுக்கும் தூக்கம் போய்விடும்.

ஆல்ட்டோ_அக்கா
பாளையங்கோட்டைப் பக்கம் ஒரு சபையில் இருபத்திரண்டு வருஷமாக ஆல்ட்டோ (பெண்களின் தாழ்ந்த குரல் வரிசை) பாடுகிறேன், அந்த உரிமையில் வருகிறேன். தம்பி சொன்னது சரி. மெர்ரி வந்த இடமே அதுதான்.

நியூ ஆர்லியன்ஸில் 1948-ஆம் வருஷம் டிசம்பர் 25 அன்று பிறந்தவர். கிறிஸ்துமஸ் பிள்ளை என்பதால்தான் மெர்ரி என்ற பெயர். அப்பா போதகர், சபையின் பெயர் நியூ ஸயன் பாப்டிஸ்ட். அமெரிக்கக் கறுப்பின கிறிஸ்தவ இசையின் பேரரசி மஹாலியா ஜாக்சனுக்கும் அதே நியூ ஆர்லியன்ஸ்தான் சொந்த ஊர். அவர் ஊருக்கு வந்தால் இந்தச் சபைக்கும் வருவார். சின்னப்பெண் மெர்ரி அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொள்வாளாம், மடியிலேயே தூங்கியும் போவாளாம். மஹாலியாவை நெருங்கியவர்கள் ‘ஹேலி’ என்பார்கள். இந்தக் குட்டிக்கு ‘சின்ன ஹேலி’ என்றே பட்டப்பெயர் விழுந்துவிட்டது.

இப்போது தொழில் விஷயம். அந்தச் சபைகளில் பாட்டு மேடையிலிருந்து கீழே இறங்குகிற ஒன்று கிடையாது. ஒருவர் ஒரு வரி எடுத்துக் கொடுப்பார், சபை திருப்பிக் கொடுக்கும். அடிமைக் காலத்தில் கையில் பாட்டுப் புத்தகமும் இல்லை, இருந்தாலும் படிக்க விடவில்லை. அதனால் வரி வரியாகச் சொல்லிப் பாடும் வழக்கம் ஊறிப்போனது. என் சிறுவயதில் எங்கள் கிராமத்துச் சபையில் உபதேசியார் ஓர் அடி சொல்வார், பாட்டிமார் அதை இழுத்துப் பாடுவார்கள். அதே மாதிரிதான்.

அந்த வழக்கத்தில் பதில் பாடுகிறவரை ‘துணைக் குரல்’ என்று ஒதுக்க முடியாது. அவர் பதில் கொடுக்காவிட்டால் முதல் வரி பாதியில் நிற்கும். ‘கிம்மி ஷெல்டர்’ பாட்டில் ஜாகர் வானிலை எச்சரிக்கை மாதிரி ஏதோ சொல்லிக்கொண்டு போகிறார். அதைக் கேட்டு “ஆமாம், அது இங்கேயே வந்துவிட்டது” என்று அலறுகிறவர் மெர்ரி. எங்கள் பாஷையில் அது சாட்சி சொல்வது.

சந்தேகி
வணக்கம். பாட்டைக் குறை சொல்லமாட்டேன். ஆனால் இந்த ‘எல்லாம் சபை தந்தது’ பேச்சில் எனக்கு எப்போதும் ஒரு நெருடல் உண்டு. பதினாலு வயதில் பாடகர் பாபி டேரினோடு ஸ்டூடியோவில் நின்று பாடியவர் இவர், 1962 அல்லது 63 வாக்கில். பிறகு பாடகர் ரே சார்ல்ஸின் ரேலெட்ஸ் என்ற பெண் கோரஸ் குழுவில் நின்று வேலை கற்றார். அந்தக் குழுவில் சுருதி பிசகினால் ரே சார்ல்ஸ் சும்மா விட்டிருக்கமாட்டார். அப்படிக் கற்ற தொழிலையும் உழைப்பையும் கடவுள் கணக்கில் வரவு வைப்பது நியாயமா?

இன்னொன்று. அதே சபைக்காரர்கள்தான் இந்தப் பாட்டுகளைப் பிசாசின் பாட்டு என்று திட்டியவர்கள். மஹாலியா ஜாக்சன் உலகப் பாட்டு, அதாவது பக்தி சாராத பாட்டு, பாட மறுத்தவர். அவர் மடியில் தூங்கியவர் ரோலிங் ஸ்டோன்ஸுக்குப் பாடியதை எந்தக் கணக்கில் சேர்ப்பது?

பழைய_தட்டு
சந்தேகி ஐயா, இரண்டாவது கேள்வி நல்ல கேள்வி. சாம் குக் 1956-இல் முதல் உலகப் பாட்டைப் பதிவு செய்தபோது டேல் குக் என்று பெயரை மாற்றிப் போட்டார். ‘சோல் ஸ்டிரர்ஸ்’ என்ற பக்திக் குழுவின் முன்னணிப் பாடகர், காதல் பாட்டு பாடினால் சபை ஜனம் கோபிக்கும் என்ற பயம். குரலை யாரால் மறைக்க முடியும்? கேட்ட மாத்திரத்தில் கண்டுபிடித்துவிட்டார்கள்.

அதற்கு முன்பே ரே சார்ல்ஸ் ஒரு பக்திப் பாட்டின் சாயலில் காதல் பாட்டு செய்து 1954-இன் கடைசியில் வெளியிட்டிருந்தார். அதற்கும் திட்டு விழுந்தது. மெர்ரி போய்ச் சேர்ந்ததே அந்த ரே சார்ல்ஸிடம்தான். ரேலெட்ஸ் என்பதே ஒரு சபைப் பாடகர் வரிசையை இரவு விடுதி மேடைக்குக் கொண்டுவந்த ஏற்பாடு. அவர் கேள்வி கேட்பார், பெண்கள் பதில் சொல்வார்கள். அதனால் சபையைவிட்டு வெளியே போய்த் தொழில் கற்றார் என்று பிரிப்பதே எனக்குக் கஷ்டமாக இருக்கிறது. கர்ட்டிஸ் ஏமியும் ரே சார்ல்ஸின் இசைக்குழுவை நடத்தியவர். தொழில், கல்யாணம் எல்லாமே அந்த வட்டத்துக்குள்தான்.

மதுரை_மிக்ஸர்
ஒலிப்பதிவுக்காரன் பார்வையில் ஒன்றிரண்டு.

கோரஸ் பாடுவது தனிக்குரல் பாடுவதைவிடச் சிரமம். தனியாகப் பாடுகிறவர் அசைவு கொடுக்கலாம், மூச்சை எங்கே வேண்டுமானாலும் எடுக்கலாம். கோரஸில் மூன்று பேர் நின்றால் ‘ஆ’ என்பதன் வாய்த் திறப்பு மூவருக்கும் ஒன்றாக இருக்க வேண்டும், சொல்லின் கடைசி எழுத்தை மூவரும் ஒரே நேரத்தில் முடிக்க வேண்டும். ஒருவர் அரை நொடி நீட்டினாலும் பாம்பு சீறுவது மாதிரிக் கேட்கும். கொயரில் வளர்ந்தவர்களுக்கு இது சொல்லித் தர வேண்டியதில்லை. பக்கத்தில் நிற்பவரின் மூச்சைக் கேட்டே பாடுவார்கள்.

மெர்ரியின் விசேஷம், இதையும் செய்வார், தேவைப்பட்டால் வரிசையை விட்டு வெளியே வந்து கூரையையும் பிய்ப்பார். பாடகி கரோல் கிங்கின் ‘டேப்பஸ்ட்ரி’ ஆல்பத்தில் (1971) பின்னால் பாடியவர்களில் இவரும் உண்டு. அங்கே எவ்வளவு அடக்கம் என்று கேட்டுப் பாருங்கள்.

அந்தக் குரல் கிழிவு பற்றி: இன்று யாரும் அதை விட்டுவைக்கமாட்டார்கள். சில வருஷம் முன்பு ஒரு ஸ்டூடியோவில் வேலை செய்தேன். ஒரு கோரஸ் பெண்ணின் குரல் உச்சத்தில் லேசாக உடைந்தது. எனக்குப் பிடித்திருந்தது. தயாரிப்பாளர் பக்கத்திலிருந்து “அதைச் சரி பண்ணு” என்றார்கள். பண்ணினேன். பாட்டு செத்தது. சம்பளம் வந்தது.

காலி_கேசட்
கடைசி இரண்டு வாக்கியமும் சேர்ந்து என்னை என்னவோ செய்கிறது மிக்ஸர் அண்ணே.

அப்புறம், ‘கிம்மி ஷெல்டர்’ இருக்கும் ‘லெட் இட் ப்ளீட்’ ஆல்பம் வந்தபோது அட்டையில் இவர் பெயரை மேரி என்று தப்பாக அச்சடித்தார்கள். கிறிஸ்துமஸில் பிறந்ததற்காக வைத்த பெயரில் எழுத்துப் பிழை! நம் ஊர் கேசட் அட்டையில் ‘மற்றும் குழுவினர்’ என்று முடித்துவிடுவார்கள், பிழை வரவே வாய்ப்பில்லை.

ஆல்ட்டோ_அக்கா
சிரித்துவிட்டேன் காலி. ஆனால் அந்தப் பாட்டின் அடுத்த பக்கம் சிரிக்கக் கூடியதில்லை.

பதிவு முடிந்த கொஞ்ச நாளில் மெர்ரிக்குக் கரு கலைந்தது. அந்த உச்சக் குரலின் அழுத்தத்தால்தான் என்று பத்திரிகைகளில் திரும்பத் திரும்ப எழுதினார்கள். நான் அதை அப்படிச் சொல்லத் துணியமாட்டேன். காரணம் எதுவாக இருந்தாலும் ஒரு தாய்க்கு இந்த இரண்டும் ஒன்றோடு ஒன்று ஒட்டிக்கொண்டுதான் இருக்கும். நீண்ட காலம் அந்தப் பாட்டைக் கேட்கவே முடியவில்லை அவருக்கு. ஊரே கொண்டாடுகிறது, வானொலியில் அடிக்கடி போடுகிறார்கள், இவர் வேறு ஸ்டேஷனுக்குத் திருப்ப வேண்டியிருக்கிறது. எண்பதுகளில் ஒரு பேட்டியில் அது இருண்ட காலம் என்றும், அதைத் தாண்டக் கடவுள் பலம் தந்தார் என்றும், இப்போது அதைப் பாட முடிகிறது என்றும் சொல்லியிருக்கிறார்.

சந்தேகி தம்பி, நீங்கள் கேட்ட வரவு செலவுக் கணக்குக்கு என் பதில் இதுதான். குரல் அவர் உழைப்பு, மறுக்கவில்லை. இழந்த பிறகு அதே பாட்டைத் திரும்ப எடுத்துப் பாடுவதற்கு என்ன தேவைப்பட்டதோ அதைத்தான் அவர் விசுவாசம் என்கிறார்.

சந்தேகி
அக்கா, அதை மறுத்துப் பேச எனக்கு வாய் வரவில்லை. சரி.

ஆனால் ‘ஸ்வீட் ஹோம் அலபாமா’? லினர்ட் ஸ்கினர்ட் என்ற ராக் குழுவின் பாட்டு, 1974-இல் வெளிவந்தது. இனப் பிரிவினை பேசிய கவர்னர் ஜார்ஜ் வாலஸ் ஆண்ட மாநிலத்துக்குப் புகழ் பாட்டு. அதிலும் பின்னால் பாடியது இவர்தான். இவ்வளவு விசுவாசமும் தன்மானமும் உள்ளவர் அங்கே எதற்குப் போனார்? கூலிக்கு என்று சொன்னால் நான் ஏற்றுக்கொள்வேன், நானும் கூலிக்கு வேலை செய்பவன்தான்.

பழைய_தட்டு
கூலியும் உண்டு, இல்லை என்று சொல்லமாட்டேன். ஸ்டூடியோவில் பாடிவிட்டு அன்றைய சம்பளத்தோடு வீட்டுக்குப் போவதுதான் இவர்கள் பிழைப்பு.

அவர் சொன்ன கதை இது. க்ளைடி கிங் என்ற பாடகித் தோழி கூப்பிட்டார். மெர்ரி என்ன பாட்டு என்று கேட்டார், அலபாமா என்ற பெயர் வந்ததும் முடியாது என்றுவிட்டார். அலபாமாவைப் பற்றி யாருக்கும் எதுவும் பாடமாட்டேன் என்று பிடிவாதம். இந்தத் தடவையும் கர்ட்டிஸ் ஏமிதான் பேசிச் சம்மதிக்க வைத்தார். தெருவில் இறங்கிப் போராட முடியாவிட்டாலும் பாட்டுக்குள் நின்று எதிர்ப்பைக் காட்டலாம் என்பது அவர் வாதம். மெர்ரியும் க்ளைடியும் போய்ப் பல்லைக் கடித்துக்கொண்டு பாடினார்கள்.

ஏன் அவ்வளவு கோபம்? 1963 செப்டம்பர் 15, ஞாயிறு காலை, அலபாமாவின் பர்மிங்ஹாம் நகரில் 16-ஆம் தெரு பாப்டிஸ்ட் சபையில் வெள்ளை இனவெறிக் கும்பல் வெடிகுண்டு வைத்தது. நாலு சிறுமிகள் செத்தார்கள். மூன்று பேருக்குப் பதினாலு வயது, ஒருத்திக்குப் பதினொன்று. அந்த மாதம் மெர்ரிக்கும் பதினாலு வயதுதான். அவரும் பாப்டிஸ்ட் சபையில் ஞாயிற்றுக்கிழமை நல்ல உடை உடுத்திப் பாடப் போன பெண்தான். பத்து வருஷம் கழித்து அந்த மாநிலத்தின் வானம் எவ்வளவு நீலம் என்று பின்பாட்டுப் பாடச் சொல்கிறார்கள்.

இந்த வயதுக் கணக்கை நான் எங்கும் படித்ததில்லை. நேற்றுப் பேப்பரில் எழுதிப் பார்த்தபோதுதான் தோன்றியது.

மதுரை_மிக்ஸர்
அந்தப் பாட்டில் கவர்னரைப் பற்றிச் சொல்லும் இடத்தில் பெண்கள் பின்னாலிருந்து ‘பூ, பூ, பூ’ (ஆங்கிலத்தில் boo) என்று பாடுவார்கள். அது கேலிக் கூச்சலா, வெறும் அலங்காரமா என்று ரசிகர்கள் இன்னும் அடித்துக்கொள்கிறார்கள். தட்டு அண்ணன் எழுதியதைப் படித்துவிட்டு இப்போது போட்டுக் கேட்டேன். எனக்கு அலங்காரமாகக் கேட்கவில்லை.

தாமிரபரணி_தாசன்
தாமதமாக வருகிறேன். இவரைப் பற்றி ஒரு டாக்குமெண்டரி வந்ததே, ஆஸ்கர் மேடையில் அடைக்கலான் குருவி பாட்டைப் பாடி எல்லோரையும் எழுந்து நிற்க வைத்தாரே, அவர்தானே இவர்?

பழைய_தட்டு
பாதி சரி. படம் ‘ட்வென்ட்டி ஃபீட் ஃப்ரம் ஸ்டார்டம்’, மார்கன் நெவில் இயக்கியது, 2013. பின்னணிக் குரல்காரர்களைப் பற்றிய படம். மெர்ரி, டார்லின் லவ், லிசா ஃபிஷர், ஜூடித் ஹில் எல்லோரும் வருவார்கள். 2014 மார்ச் 2 அன்று சிறந்த டாக்குமெண்டரிக்கு ஆஸ்கர் கிடைத்தது. மேடையில் பாடியவர் டார்லின் லவ். அவரும் போதகர் மகள்தான், அதனால் குழப்பம் வருவது இயல்பு.

குருவியிலும் ஒரு குழப்பம் உண்டு. டார்லின் பாடியது 1905-இல் எழுதப்பட்ட கீர்த்தனை, மத்தேயு சுவிசேஷத்துக் குருவி வசனத்திலிருந்து வந்தது. மெர்ரியின் 1975 ஆல்பத்தின் பெயரிலும் ஒரு குருவி இருக்கிறது. ஆனால் அது ‘பரெட்டா’ என்ற போலீஸ் தொடரின் பாட்டு. அமெரிக்காவில் போலீஸ் தொடருக்குக்கூடக் குருவி தேவைப்படுகிறது.

தாமிரபரணி_தாசன்
நன்றி. அப்படியானால் இவர் ஏன் தனியாகப் பெரிய பாடகி ஆகவில்லை? குரலில் என்ன குறை?

பழைய_தட்டு
குரலில் ஒன்றும் இல்லை. லூ ஆட்லர் என்ற தயாரிப்பாளரின் ஓட் நிறுவனத்தில் 1970, 71, 75 என்று மூன்று தனி ஆல்பங்கள் போட்டார். ‘கிம்மி ஷெல்டர்’ பாட்டைத் தன் பெயரிலேயே மறுபடி பாடினார். விற்கவில்லை. புகழ்பெற்ற பாடகி அரீதா ஃப்ராங்க்ளின் இருக்கும்போது இன்னொரு அரீதா எதற்கு என்று கடைக்காரர்கள் நினைத்திருக்கலாம், இது என் ஊகம். அதற்கும் முன்னால், 1963-இல் ‘ஷூப் ஷூப்’ பாட்டை முதலில் பதிவு செய்தவரே இவர்தான். அடுத்த வருஷம் பெட்டி எவரெட் பாடி அது ஹிட் ஆனது. அதிர்ஷ்டம் இவர் வீட்டு வாசலில் கோலம் பார்த்துவிட்டு அடுத்த வீட்டுக்குப் போகும்.

காலி_கேசட்
யாராவது விபத்தைப் பற்றிச் சொல்லுங்கள். எனக்கு எழுத மனசு வரவில்லை.

ஆல்ட்டோ_அக்கா
நான் சொல்கிறேன்.

ஆஸ்கர் விழா முடிந்து மூன்றரை மாதம். ஜூன் 16, 2014, லாஸ் ஏஞ்சலஸில் கார் விபத்து. இரண்டு கால்களையும் முழங்காலோடு எடுக்க வேண்டியதாயிற்று. நாற்பத்தைந்து வருஷம் பின்னால் நின்றவரை அப்போதுதான் உலகம் முன்னால் கூப்பிட்டிருந்தது. நினைவு திரும்பி, கால் இல்லை என்று தெரிந்ததும் அவர் கேட்டது, என் குரலுக்கு ஏதாவது ஆயிற்றா என்று. ஒன்றும் ஆகவில்லை என்றார்கள்.

சந்தேகி தம்பி கேட்பதற்கு முன்னால் நானே சொல்லிவிடுகிறேன். இப்படிப்பட்ட கதைகளை “பார், எவ்வளவு நம்பிக்கை, கண்ணீரே இல்லை” என்று வாட்ஸாப்பில் அனுப்புவார்களே, அது எனக்கும் எரிச்சல்தான். எங்கள் வீட்டிலேயே ஒருவருக்குச் சர்க்கரையால் கால் விரல்களை எடுத்தார்கள். பார்க்க வந்தவர்கள் வசனம் சொல்லிவிட்டுப் போனார்கள், அழ விடவில்லை. சங்கீதப் புத்தகத்தைப் புரட்டினால் ஏன் என்னைக் கைவிட்டீர் என்ற புலம்பல் கை நிறையக் கிடைக்கும், அதை மட்டும் யாரும் வாசிக்கமாட்டார்கள்.

மெர்ரியிடம் எனக்குப் பிடித்தது, அவர் உடனே புன்னகைத்தது இல்லை. ஏழு வருஷம் எடுத்துக்கொண்டு பாட்டோடு திரும்பினார். நடுவில் கோல்ட்ப்ளே என்ற ராக் குழுவின் 2015 ஆல்பத்தில் அவர் குரல் வந்தது. பிறகு 2021 ஏப்ரலில் ‘பியூட்டிஃபுல் ஸ்கார்ஸ்’ என்ற தனி ஆல்பம், அழகிய தழும்புகள். பழைய லூ ஆட்லரும் டெரி யங்கும் தயாரித்தது. தலைப்புப் பாட்டு டயான் வாரன் எழுதியது. முக்கால்வாசியும் பக்திப் பாட்டுதான்.

அதில் ஒன்றைத்தான் நான் அடிக்கடி கேட்கிறேன். பெரும்பாடுள்ள ஸ்திரீ இயேசுவின் வஸ்திரத்தின் ஓரத்தைத் தொட்ட கதை, சாம் குக் 1956-இல் சோல் ஸ்டிரர்ஸோடு பாடியது. வஸ்திரத்தின் ஓரம் என்றால் தரையை ஒட்டி இருப்பது. தொட வேண்டுமானால் கூட்டத்தின் கால்களுக்கு நடுவே குனிந்து போக வேண்டும். இரத்தம் நிற்காத ஒரு பெண்ணின் கதையை, பிள்ளையையும் கால்களையும் இழந்த பெண் எழுபத்திரண்டு வயதில் பாடுகிறார். இதற்குமேல் நான் விளக்கினால் பாட்டு கெட்டுவிடும்.

நடத்துநர்
இழை அருமையாகப் போகிறது. ஒரு வேண்டுகோள்: ஒருவர் தனிச்செய்தியில் மதப் பிரசாரம் என்று புகார் அனுப்பியிருக்கிறார். படித்துப் பார்த்தேன், அப்படித் தெரியவில்லை. தொடருங்கள்.

சந்தேகி
புகார் நான் அனுப்பவில்லை என்று பதிவு செய்துகொள்கிறேன்!

அக்கா சொன்ன பாட்டைக் கேட்டேன். முதலில் சாம் குக், பிறகு மெர்ரி. சாம் குக்கின் குரல் தண்ணீர் மாதிரி வழுக்கிக்கொண்டு போகிறது, அந்தப் பெண் நிச்சயம் குணமாவாள் என்று முதல் வரியிலேயே தெரிந்துவிடுகிறது. மெர்ரி பாடும்போது தொடுவாளா மாட்டாளா என்று எனக்குக் கடைசிவரை பயமாக இருந்தது. எனக்குக் கடவுள் நம்பிக்கை இல்லை. நாளைக்கும் இருக்காது. ஆனால் நேற்று நான் கேட்ட கேள்வி கொஞ்சம் பொடிப்பையன் கேள்வி என்று இப்போது தோன்றுகிறது.

ஒரு சந்தேகம் மட்டும் பாக்கி. அந்தப் பாட்டில் அவருக்குப் பின்னால் யாரோ கோரஸ் பாடுகிறார்களே, அவர்கள் யார்?

காலி_கேசட்
மற்றும் குழுவினர்.

மதுரை_மிக்ஸர்
அட்டையைத் தேடிப் பார்த்துப் பெயரோடு போடுகிறேன், எழுத்துப் பிழை இல்லாமல்.

ஆல்ட்டோ_அக்கா
போடுங்கள் தம்பி. எனக்கு ஆறு மணிக்கு கொயர் பிராக்டிஸ். இந்த வாரம் ஆல்ட்டோவில் மூன்று பேர்தான், ஒருத்திக்கு இருமல் வேறு. போய்விட்டு வந்து படிக்கிறேன்.